அரங்கொளி கண்ட அப்பியா

பாடசாலை நாடகம் ஒன்றை மேடையேற்றுவோர் முதலிற் கதையைத் தெரிவர். பின்னர் பாத்திரங்களுக்கேற்ற மாணவரைத் தெரிவர். உடை, ஒப்பனை, திரைச்சீலை என்பன பற்றிப் பல நாள் ஆலோசிப்பர். விளக்கைப் பற்றிய நினைவு நாடகத்துக்கு முதல் நாள் மாலையிலேதான் வரும். மேடையின் முன்விளிம்பில் ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை. எல்லாம் தெரிந்தாற் போதும் என்பதே எண்ணம். நம் கல்லூரி நாடகங்களுக்குப் பல்லாண்டு பொறுப்பாயிருந்த யாமும் இதற்கு விலக்கல்லோம். ஒருமுறை அரிச்சந்திர நாடகத்தின் மயானக் காட்சிக்கெனப் பெரும்பாடுபட்டுச் சுடலை எழுதிய திரை ஒன்றைத் தொங்கவிட்டோம். திரையிலிருந்த பட்டமரத்தின் கிளை ஒவ்வொன்றும் துலக்கமாய்த் தெரிந்தது. சந்திரமதியாக நின்ற மாணவனின் முகத்திலோ விளக்கு கீழிருந்து அடித்தது. அவன் அழுகின்றானா சிரிக்கின்றானா என்பது சபையோருக்குப் புலப்படவில்லை. சிலர் சிரித்துவிட்டனர். திரைக்குப் பின்னே வந்த பின்னர் அவன் உண்மையாகவே அழுதான்.

பிழை அவனுடையதன்று, எம்முடையது. அது எத்தகைய பிழை என்பதை எமக்கு விளங்கவைத்தவர் அடோல்ப் அப்பியா என்னும் சுவிற்சர்லாந்து அறிஞர். அவர் 1928ஆம் ஆண்டிலே மறைந்தவர். கல்லூரி மலரொன்றில் அவர் வரலாற்றை எழுதப் புகுந்தமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. பேரரங்குகள் தள்ளிவைத்த அவருடைய கனவை முழுமையாக நனவாக்கியது ஒரு பள்ளிக்கூடமே.

அப்பியா 1862ஆம் ஆண்டு செப்டெம்பர் முதலாந் திகதி ஜெனீவா நகரிற் பிறந்தார். தந்தையார் லூயி அப்பியா மருத்துவர்; மறு ஆண்டில் செஞ்சிலுவைச் சங்கத்துக்கு வித்திட்ட ஐவருள் ஒருவர். கடுமையான சமய ஒழுக்கம் பேணிய அவ்வில்லத்தில் நாடகத்துக்கு மதிப்பில்லை. மைந்தரோ கூச்சம் மிக்கவர். பேசுங்கால் நாத்தடுமாறும் இயல்பினர். தாம் கருதியதை நாவினாற் சொல்ல மாட்டாத அவர் இசையை நாடினார். ஜெனீவாவிலும் லைப்சிக், பாரிஸ், டிறெஸ்டன் நகரங்களிலும் அதனைப் பயின்றார்.

1882ஆம் ஆண்டிலே, இருபது வயதை அண்மித்திருந்த அவர், ஜேர்மனியின் பைறொயிற் நகரில் வாக்னர் என்னும் இசைமேதையின் பார்சிபல் இசைநாடகத்தைக் கண்டார். இசை அவரை ஆட்கொண்டது. மேடையோ ஏமாற்றியது. அக்கால வழக்கம் யாதெனின், காடும் கோட்டையும் கடலும் சீலையில் வண்ணத்தால் எழுதப்படும். எழுதிய சீலை தெரியவேண்டுமாயின் அதன்மேல் எங்கணும் ஒரேயளவாக ஒளி பரவவேண்டும். ஒரேயளவான ஒளியில் நிழல் இல்லை. நிழல் இல்லாதவிடத்து உடலுக்குத் திரட்சி இல்லை. தட்டையான மரத்தின் முன்னே உருண்டு திரண்ட மனிதன் நின்று பாடுகின்றான். அவனையும் அவ்வொளி தட்டையாக்கிவிடுகின்றது. இலண்டன் சவோய் அரங்கு 1881இல் மின்விளக்குப் பெற்றது. அதனைப் பின்பற்றி ஏனைய அரங்குகளும் மின்னொளிக்கு மாறியபோது ஒளி பெருகியதேயன்றி முறை மாறவில்லை. வண்ணச்சீலையின் பொய்தான் முன்னிலும் நன்றாக வெளிப்பட்டது. (பந்த ஒளியிலே கூத்தாடிய நம் முன்னோருக்கு இத்தொல்லை இருந்திராது என்று யாம் சில வேளை நினைப்பதுண்டு.)

அப்பியா வெறுங் குறைகூறலோடு நின்றாரல்லர். டிறெஸ்டனுக்குச் சென்று, மேடை விளக்கமைப்பில் வல்லவரான ஹூகோ பேர் என்பாரிடம் தொழில்முறையைக் கற்றார். அதன்பின் அவர் வகுத்த கொள்கை எளியது. சீலையை அகற்று, படியும் சரிவும் தூணும் போன்ற திண்பொருள்களை வை, நடிகன் அவற்றின்மேல் நடக்கட்டும், ஒளி அவனைத் தேடி வரட்டும். ஒளியையும் இருவகையாகப் பிரித்தார். எங்கும் மென்மையாகப் பரந்து இருளைப் போக்குவது ஒன்று. அதனைப் பரவொளி என்போம். ஒரு திசையினின்றும் பாய்ந்து, நிழல் விழுத்தி, உருவத்தைச் செதுக்கிக் காட்டுவது மற்றொன்று. அதனை உருவொளி என்போம். முன்னது மட்டும் இருப்பின் மேடை சப்பென்றிருக்கும். பின்னது மட்டும் இருப்பின் கண் கூசும். இரண்டின் விகிதமும் இசை மாறுந்தோறும் மாறவேண்டும் என்பது அவர் துணிபு.

வாக்னரின் சீக்பிரீட் நாடகத்துக் காட்டுக் காட்சிக்கு அவர் கூறிய வழி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காடு முழுவதையும் எழுதிக் காட்டவேண்டியதில்லை. காட்டினூடே நிற்கும் மனிதனைக் காட்டினாற் போதும். இலைகளின் நிழல் காற்றில் அசைந்தசைந்து அவன்மேல் விழுமாயின், காண்போர் உள்ளத்திற் காடு தானே தோன்றும். எம் சுடலைத்திரையை நினைத்து யாம் நாணிய இடம் இதுவேயாம்.

இக்கருத்துக்களை 1895இல் பாரிசில் வெளியிட்ட சிறு நூலிலும், 1899இல் மியூனிக்கில் வெளிவந்த பெருநூலிலும் விரித்தார். வாக்னர் 1883இலேயே காலமாகிவிட்டார். பைறொயிற் அரங்கை நடத்திய அவர் மனைவியார் கோசிமா, கணவர் வைத்துப்போன வண்ணம் யாதொன்றும் மாறலாகாது என்னும் உறுதியினர். அப்பியாவின் திட்டங்களை ஏற்க மறுத்துவிட்டார். 1903இல் பாரிசிலே ஒரு பிரபுகுலப் பெண்மணியின் தனி அரங்கிற் சில காட்சிகளைச் செய்துபார்க்க வாய்த்தது, அவ்வளவே. நாற்பது வயதைக் கடந்த பின்னரும், மேடைக் கலையை மாற்றப் பிறந்த இம்மனிதருக்கென ஒரு மேடை இல்லை.

1906ஆம் ஆண்டில் ஜெனீவா இசையாசிரியர் எமில் ஜாக் டல்குறோசின் பயிற்சிமுறையைக் கண்டார். தாளத்தைச் செவியால் மட்டுமன்றி உடலசைவாலும் மாணவர் உணரவேண்டும் என்பது அம்முறை. அப்பியாவுக்கு அது பெரும்பேறாயிற்று. மாணவர் ஏறியிறங்கி அசைதற்கேற்ற படிகளையும் வெளிகளையும் 1909இல் படம்படமாக வரைந்தார். அடுத்த ஆண்டு, டிறெஸ்டனுக்கு அண்மையிலுள்ள ஹெலெறாவ் என்னும் புதிய பூங்காநகருக்கு வருமாறு வொல்வ் டோண் என்பார் டல்குறோசை அழைத்தார். அங்கு பள்ளி எழுந்தது. ஹைன்றிக் ரெசனோ என்னும் கட்டடக் கலைஞர் மண்டபத்தை அமைத்தார். அம்மண்டபத்திலே மேடைக்கும் சபைக்கும் இடையில் தடுப்போ முகப்புத்திரையோ இல்லை. சுவரும் கூரையும் மெழுகேற்றிய வெள்ளைத்துணியால் மூடப்பட்டு, துணிக்குப் பின்னே ஆயிரக்கணக்கான மின்விளக்குகள் பொருத்தப்பட்டன. இதனை அமைத்தவர் அலெக்சாந்தர் சால்ஸ்மன் என்னும் ஓவியர். விளக்கு கண்ணுக்குத் தெரியாது, சுவரே ஒளிவிடும். இசை பெருகும்போது ஒளி பெருகும். இசை அடங்கும்போது ஒளி அடங்கும்.

1912ஆம் ஆண்டுப் பள்ளி விழாவிலே, குளுக் இயற்றிய ஓர்பியஸ் இசைநாடகத்தின் பாதாளக் காட்சியை மாணவர் நடித்தனர். இறந்த மனைவியை மீட்க ஓர்பியஸ் இறங்கி வருகின்றான். பாதாளம் எழுதிய திரை இல்லை; நெடும் படிக்கட்டு ஒன்றே உண்டு. மேலே ஒளி, கீழே இருள். அவன் ஒவ்வொரு படியாக இருளினுள் இறங்க, படிகளில் மொய்த்துக்கிடந்த மாணவர் கூட்டம் பேய்க்கணமாக எழுந்தது. 1913இல் முழு நாடகமும் நடந்தது. பேணாட் ஷோவும், பிரெஞ்சுக் கவிஞர் குளோடலும், ஐரோப்பாவின் நாடகக்காரர் பலரும் அப்பள்ளியைத் தேடிச் சென்றனர். அவர்கள் கண்டது பெயர்பெற்ற நடிகரையன்று, பாடசாலைப் பிள்ளைகளையே என்பதை நம் மாணவர் கவனிப்பாராக.

அப்பேறு நீடிக்கவில்லை. 1914 பெப்ரவரியில் டோண் பனிச்சறுக்கு விபத்தில் இறந்தார். ஓகஸ்டில் உலகப்போர் மூண்டது. ஜேர்மன் படை றைம்ஸ் தேவாலயத்தைக் குண்டுவீசிச் சிதைத்ததைக் கண்டித்த அறிக்கையில் டல்குறோஸ் கையொப்பமிட்டார். அதன்பின் ஜேர்மனியில் அவருக்கு இடமில்லாமற் போயிற்று. ஒளிச்சுவர் அவிந்தது. அம்மண்டபம் பிற்காலத்திலே படையினர் தங்கும் இடமாகவும் மாறி, 1990களின் பின்னரே மீண்டும் கலைக்கு உரியதாயிற்று.

1923இல் மிலான் லா ஸ்காலா அரங்கு, டொஸ்கனினி இசைநடத்த, வாக்னரின் திறிஸ்ரன் நாடகத்தை அப்பியாவிடம் ஒப்படைத்தது. பகட்டுக்குப் பழகிய சபைக்கு அது வறண்டதாகத் தோன்றியது. 1924இலும் 1925இலும் பாசல் நகரில் வாக்னரின் நால்தொடர் நாடகத்தின் முதலிரண்டையும் அமைத்தார்; எதிர்ப்பு வலுத்ததால் எஞ்சிய இரண்டும் கைவிடப்பட்டன. 1928 பெப்ரவரி 29ஆம் நாள் நியோன் என்னும் ஊரில் உயிர்நீத்தார். 1951இல் பைறொயிற் விழா மீண்டும் தொடங்கியபோது, வாக்னரின் பேரன்மார் வண்ணச்சீலைகளை நீக்கி வெறுமேடையையும் ஒளியையும் கொண்டே நாடகத்தை நடத்தினர். கோசிமா மறுத்ததை அவர் பேரர் ஏற்றனர்.

இவற்றைப் படித்தறிந்த மறு ஆண்டு யாம் அரிச்சந்திரனை மீண்டும் எடுத்தோம். சுடலைத்திரை களஞ்சிய அறைக்குப் போயிற்று. மூன்று படி, ஒரு மரக்குற்றி. முன்விளிம்பு விளக்குகள் அணைக்கப்பட்டன. பால்மாப்பேணி ஒன்றை வெட்டி விளக்குக்கு மூடியாக்கி, நீலக் கண்ணாடித்தாள் கட்டி, பக்கவாட்டில் ஆளுயரத்துக்கு மேலே ஓர் ஏணியில் நிறுத்தினோம். முன்னர் சந்திரமதியாக நடித்த மாணவனை மீண்டும் அழைத்தபோது, நடிக்கமாட்டேன் என்று தலையசைத்துவிட்டான். விளக்கைப் பிடிக்கிறாயா என்று கேட்டோம். நாடகம் முடியும்வரை அவன் ஏணியைவிட்டு இறங்கவில்லை.