வளைவிலே வெற்றி!
பந்தயக் கார் கட்டிய கோவை கரிவரதன்

திருநள்ளாறு என்றால் சனி பகவான் நினைவுக்கு வருவார். கூடவே நள மகாராஜாவின் கதையும் நினைவுக்கு வரும்.

காரைக்காலுக்குப் பக்கத்தில் உள்ள அந்த ஊரில் நீராடித்தான் நளன் சனி நீங்கப் பெற்றான் என்கிறது தலபுராணம். நாட்டை இழந்து அலைந்த நாளில் அவன் வேறொரு மன்னனிடம் தேரோட்டியாக வேலை பார்த்தான். ஒரு நாள் அந்த மன்னனின் மேலாடை காற்றில் நழுவி விழுந்தது. தேரை நிறுத்தும்படி மன்னன் சொல்லி முடிப்பதற்குள் தேர் பல காதம் கடந்துவிட்டதாம்!

குதிரையின் குணம் அறிந்து தேர் ஓட்டியவன் நளன். காரின் குணம் அறிந்து கார் ஓட்டிய ஒருவர் கோவையில் வாழ்ந்தார். அவர்தான் கரிவரதன்.

ஆலை அதிபர் வீட்டுப் பிள்ளை

கரிவரதன் 1954-ம் ஆண்டு பிறந்தார். கோவையில் பெயர் பெற்ற லட்சுமி மில் குடும்பம் அவருடையது. பஞ்சு, நூல், ஆலை என்று சுகமாக இருந்திருக்கலாம். ஆனால் அவர் மனம் மோட்டாரின் மேல் போயிற்று.

சென்னைக்கு வடக்கே சோழவரத்தில் ஒரு விமானத் தளம் உண்டு. 2-வது உலகப் போர்க் காலத்தில் அமைத்தது. போர் முடிந்த பிறகு அதில் கார் பந்தயம் நடந்தது. பந்தயம் பார்க்கக் கூட்டம் அலைமோதும். கரிவரதனும் அங்கே கார் ஓட்டினார்.

அந்த நாளில் கார் பந்தயம் பணக்காரர்களின் விளையாட்டு. வெளிநாட்டுக் கார் வைத்திருப்பவர் முந்துவார். பணம் இல்லாத கெட்டிக்கார இளைஞர் பழைய காரைத் தட்டிக் கொட்டிக்கொண்டு பின்னால் வருவார்.

கரிவரதன் பணக்காரர்தான். ஆனாலும், திறமை உள்ளவன் பின்தங்கக் கூடாது என்று நினைத்தார்.

ஒரே என்ஜின்

1980-களின் கடைசியில் அவர் கட்டிய சின்னப் பந்தயக் காருக்கு "பார்முலா மாருதி" என்று பெயர். ஒருவர் மட்டுமே உட்காரலாம். கூரை கிடையாது. என்ஜின் வேறு எதுவும் அல்ல. வீட்டுக்கு வீடு ஓடிய மாருதி 800 காரின் என்ஜின்தான். உள்ளூரில் கிடைத்த பொருள்களைக் கொண்டே கட்டியதால் விலை குறைந்தது.

எல்லாருக்கும் ஒரே என்ஜின். அப்படியானால் வெற்றி யாருக்கு? வளைவில் காரை அறிந்து திருப்புகிறவருக்கு!

காருக்கும் நாடி உண்டு

நேர் ரோட்டில் யாரும் வேகமாகப் போகலாம். வளைவில்தான் காரின் நோய் வெளிப்படும்.

நோய் இரண்டு வகை. முன் சக்கரங்கள் பிடிப்பு இழந்தால், ஸ்டீயரிங்கைத் திருப்பினாலும் கார் திரும்பாது. ரோட்டை விட்டு வெளியே ஓடப் பார்க்கும். பின் சக்கரங்கள் பிடிப்பு இழந்தால், காரின் வால் வீசி, வண்டி பம்பரம் போல் சுழலும். இரண்டும் உயிருக்கு ஆபத்து.

மாட்டு வண்டி ஓட்டுகிறவருக்கு இது புரியும். முன்பாரம் கூடினால் மாட்டின் கழுத்து நோகும். பின்பாரம் கூடினால் நுகம் மேலே தூக்கும். காருக்கும் முன்னும் பின்னும் பாரம் சரியாக அமைய வேண்டும்.

வைத்தியர் நாடி பார்ப்பதுபோல் பந்தயக்காரர் டயரைப் பார்ப்பார். ஓடி வந்து நின்றதும் டயரின் சூட்டை அளப்பார். நடுவில் சூடு அதிகமானால் காற்று மிகுதி. இரண்டு ஓரமும் சூடானால் காற்றுப் போதாது. உள் ஓரம் மட்டும் மிகவும் சூடானால் சக்கரம் அளவுக்கு மேல் உள்ளே சாய்ந்திருக்கிறது.

நோய் எப்போது வருகிறது என்றும் பார்க்க வேண்டும். வளைவில் நுழையும்போது வந்தால் பிரேக்கைப் பார்ப்பார்கள். நடு வளைவில் வந்தால் ஸ்பிரிங்கைப் பார்ப்பார்கள். முன் ஸ்பிரிங் மிகவும் இறுக்கமாக இருந்தால் முன் சக்கரம் வழுக்கும்; அதைக் கொஞ்சம் இளக்கினால் கார் சொன்னபடி திரும்பும்.

ஒரு சமயத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மூன்று மருந்தை ஒன்றாகக் கொடுத்தால் எது குணமாக்கியது என்று எப்படித் தெரியும்?

அமெரிக்காவில் முட்டை வடிவப் பந்தயத் திடல்கள் உண்டு. அங்கே கார்கள் பெரும்பாலும் இடது பக்கமே திரும்பும். வலப்பக்க டயர்கள்தான் அதிகப் பாரம் தாங்கும். அதனால் இடம் வலம் வேறு வேறாகக் காரைத் தயார் செய்வார்கள். நம் நாட்டுத் திடல்களில் இரு பக்கமும் திரும்ப வேண்டும். ஆகவே இரண்டு பக்கமும் சமன் தேவை.

சில சமயம் நோய் காரில் இராது, ஓட்டுகிறவரிடம் இருக்கும். அளவுக்கு மீறிய வேகத்தில் வளைவில் நுழைந்துவிட்டு, காரைக் குறை சொல்லிப் பயன் இல்லை. எல்லாரும் ஒரே மாதிரிக் காரை ஓட்டும்போது இந்தக் குறையை மறைக்க முடியாது. ஓட்டக் கற்கும் இளைஞருக்கு அதைவிட நல்ல பள்ளிக்கூடம் ஏது?

பாதியில் முடிந்த பயணம்

1995-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் கரிவரதன் விமான விபத்தில் மாண்டார். அப்போது அவருக்கு வயது 41.

ஆனால் அவர் விதைத்தது வீண் போகவில்லை. ஸ்ரீபெரும்புதூர் பந்தயத் திடலில் பார்முலா மாருதி ஓட்டித்தான் கோவை இளைஞர் நரேன் கார்த்திகேயன் பந்தய வாழ்க்கையைத் தொடங்கினார். 2005-ல், உலகின் தலைசிறந்த "பார்முலா ஒன்" பந்தயத்தில் ஓட்டிய முதல் இந்தியர் என்ற பெருமை அவருக்குக் கிடைத்தது. அதைக் காணக் கரிவரதன் உயிரோடு இல்லை.

கோவையை அடுத்த செட்டிபாளையத்தில் 2.1 கிலோ மீட்டர் நீளமுள்ள பந்தயத் திடல் உருவாயிற்று. அதற்குக் கரிவரதன் பெயரையே சூட்டினார்கள்.

தேரோட்டி நளனின் பெயரைத் திருநள்ளாறு சொல்கிறது. காரோட்டி கரிவரதனின் பெயரைச் செட்டிபாளையத்தின் ஒவ்வொரு வளைவும் சொல்கிறது.