ஓவிய ஆசிரியர் பணிக்கர்

என் தம்பி ஓவியக் கல்லூரியிற் சேரவேண்டும் என்கிறான். தாராவியில் தோற்பை தைக்கும் அப்பாவோ, படம் வரைந்தால் சோறு வருமா என்கிறார். பௌதிகம் பயிலும் என்னிடம் விடையில்லை. அந்தக் கேள்வியோடுதான் கே. சி. எஸ். பணிக்கரின் வரலாற்றைப் படிக்கலானேன்.

1911-இல் கோவையில், மலையாளக் குடும்பமொன்றிற் பிறந்தவர் பணிக்கர். இளமையிலேயே படிப்பை விட்டுத் தந்தி இலாகாவில் வேலைபார்க்க நேர்ந்தது. பின்னர் இன்ஷியூரன்ஸ் ஏஜெண்டு வேலை. தூரிகையை மட்டும் விட்டாரில்லை. 1936-இல் சென்னை ஓவியப் பள்ளியில் மாணவராய்ச் சேர்ந்தார். அப்போது அதன் தலைவர், பின்னாளில் மெரினாவின் உழைப்பாளர் சிலையை வடித்த தேவி பிரசாத் ராய் சௌத்ரி. பயின்ற பள்ளியிலேயே பணிக்கர் ஆசிரியரானார். 1944-இல் முற்போக்கு ஓவியர் சங்கத்தைத் தோற்றுவித்தார். 1957-இல் ராய் சௌத்ரியின் இடத்திற்கே வந்தார்.

நிற்க. என் மனம் தங்கிய இடம் வேறு. நன்கு தேறிய மாணவர்களும் வெளியே சென்றதும் வயிற்றுப்பாட்டுக்காக ஏதேனும் ஓர் ஆபீஸிற் புகுந்து, வரைவதையே மறந்துவிடுவதை அவர் கண்டார். தாமும் அந்த வழி நடந்தவரல்லவா? அறிவுரையோடு நிறுத்தவில்லை. துணியில் மெழுகிட்டுச் சாயமேற்றும் பாத்திக் முதலிய கைத்தொழில்களில் அவர்களை இறக்கினார். விற்ற பணத்தைச் சேர்த்துச் சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கம் கடலோரத்தில் நிலம் வாங்கினார்கள். 1966-இல் அங்கே சோழமண்டலம் கலைக்கிராமம் எழுந்தது. படம் விலைபோகாத மாதத்திலும் பாத்திக் துணி சோறு போடும். வரைவதை யாருக்காகவும் மாற்றவேண்டியதில்லை. கணக்கு அவ்வளவுதான்.

1963 முதல் அவர் வரைந்த 'சொற்களும் குறியீடுகளும்' வரிசை புகழ்பெற்றது. ஒரு மாணவனின் கணக்கு நோட்டைக் கண்டு பிறந்த எண்ணமாம். அவற்றுள் ஒன்றின் அச்சுப்படத்தை நூலகத்திற் பார்த்தேன். விஞ்ஞான மாணவன் என்ற செருக்கில் அதைப் படிக்க முயன்றேன். மலையாளம்போல் தோன்றுகிறது, ஒரு சொல்லும் விளங்கவில்லை. அரைமணி வீணாயிற்றே என்று சினந்தேன். ஜாதகக் கட்டத்தைக் குழந்தை பார்ப்பதுபோலப் பார்க்கவேண்டும் என்று தெளிய இன்னும் அரைமணி ஆயிற்று.

1967-இல் ஓய்வுபெற்ற பணிக்கர் 1977-இல் காலமானார். கலைக்கிராமம் இன்றும் இருக்கிறது.

இவ்வளவையும் அப்பாவிடம் சொன்னேன். தைத்துக்கொண்டிருந்த பையைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் துணி கெஜம் என்ன விலைக்குப் போயிற்று என்று கேட்டார். தம்பி என் முகத்தைப் பார்த்தான்.