கல் சிங்கத்தை எழுப்பிய கலைஞன்

கிரிமியாவின் அலுப்கா அரண்மனையில் சில கல் சிங்கங்கள் உண்டு. ஒன்று உறங்குகிறது. ஒன்று விழிக்கிறது. ஒன்று எழுகிறது. அசையாத அந்த மூன்று சிலைகளையும் படம் பிடித்து, அடுத்தடுத்து ஒட்டினார் ஒருவர். கொட்டகையில் இருந்தோர் கண்ணெதிரே கல் சிங்கம் சீறி எழுந்தது! அவர்தான் செர்ஜி ஐசன்ஸ்டைன்.

1898-ல் ரிகா நகரில், வசதியான வீட்டில் பிறந்தார். தந்தை கட்டிட நிபுணர். மகனும் அதே படிப்புத்தான் படித்தார். புரட்சி வந்தது. 1918-ல் படிப்பை உதறிச் செஞ்சேனையில் சேர்ந்தார் மகன். தந்தையோ எதிரணிக்குப் போனார். 1920-ல் மாஸ்கோ வந்து தொழிலாளர் நாடக அரங்கில் பணிபுரிந்தார். அங்கிருந்து சினிமாவுக்கு வந்தார்.

ஒரு காட்சி இன்னொரு காட்சியோடு மோத வேண்டும். அந்த மோதலில் பார்ப்பவர் மனத்தில் புதுக் கருத்துப் பிறக்க வேண்டும். இதுவே அவர் கண்ட வழி. 1925-ல் வெளிவந்த ‘வேலை நிறுத்தம்’ படத்தில் தொழிலாளர்கள் கொல்லப்படுகின்றனர்; இடையிடையே கசாப்புக் கொட்டிலில் மாடு அறுபடுகிறது. இதற்கு விளக்கவுரையும் வேண்டுமோ?

அதே ஆண்டு டிசம்பரில் வந்தது ‘போர்க்கப்பல் பொடெம்கின்’. புழு நெளிந்த இறைச்சியைத் தின்ன மறுத்து, 1905-ல் கலகம் செய்த மாலுமிகளின் கதை. தனி நாயகன் இல்லை. மக்கள் கூட்டமே நாயகன். ஒடெஸ்ஸா படிக்கட்டில் ஜாரின் சிப்பாய்கள் சுட்டுக்கொண்டே இறங்குகின்றனர். பூட்ஸ் தெரிகிறது, துப்பாக்கி தெரிகிறது. முகம் தெரிவது அபூர்வம். மக்களுக்கோ முகம் உண்டு. மகனை ஏந்திய தாய், மூக்குக்கண்ணாடி அணிந்த மாது, தள்ளுவண்டியில் உருண்டோடும் பச்சைக் குழந்தை! எந்தப் பக்கம் நிற்பதென்று எவரும் சொல்லாமலே பார்ப்பவன் முடிவு செய்துவிடுகிறான். பிரிட்டனில் 1926 முதல் 1954 வரை படத்துக்குத் தடை!

ஒன்றை மறைக்கலாகாது. 1905-ல் ஒடெஸ்ஸாவில் மக்கள் சுடப்பட்டது உண்மை. ஆனால், படிக்கட்டில் நாம் காணும் அந்தக் காட்சி கலைஞர் கோத்தது. பலர் அதையே சரித்திரமாக நம்பினர். காட்சியின் பலம் அது, அபாயமும் அதுவே.

இன்னொன்றையும் மறைக்கலாகாது. சோவியத் ஆட்சியும் அவரை வாட்டியது. 1937-ல் ‘பெஜின் புல்வெளி’ பாதியில் நிறுத்தப்பட்டது. ‘கொடுங்கோலன் ஐவான்’ முதல் பாகத்துக்கு 1946-ல் ஸ்டாலின் பரிசு. அதே ஆண்டில் இரண்டாம் பாகத்துக்குத் தடை. 1948-ல், 50-வது வயதில் மாரடைப்பால் மாண்டார். இரண்டாம் பாகம் 1958-ல்தான் வெளிவந்தது. புகழை மட்டும் பாடி இதை விழுங்கினால், நாமும் தணிக்கைக்காரர்களே.

தோழர்களே! ஆலை வாயில் போராட்டத்தைத் திரையில் காட்டுகிறார்களா? உடைந்த கண்ணாடி தெரிகிறது. தொழிலாளியின் முகம் தெரியவில்லையா? வெட்டியவன் யார், ஒட்டியவன் யார் என்று கேளுங்கள். நம் பக்கத்துப் படமானாலும் கேளுங்கள். படத்தைப் பார்த்துக் கண்ணீர் விடுவது போதாது. அந்தக் கண்ணீர் எப்படி வரவழைக்கப்பட்டது என்பதையும் உழைப்பாளி அறிய வேண்டும். அந்தப் பாடத்துக்கு ஐசன்ஸ்டைனின் படங்களைவிட நல்ல பள்ளிக்கூடம் நாமறிந்து வேறில்லை.