கால்பந்து ஆசிரியர் ரகீம்

1951 முதல் 1962 வரையிலான ஆண்டுகளை இந்தியக் கால்பந்தின் பொற்காலம் என்பர். அக்காலத்தில் நம் நாட்டு அணியைப் பயிற்றுவித்தவர், பள்ளி ஆசிரியராக வாழ்வைத் தொடங்கிய சையத் அப்துல் ரகீம் ஆவார்.

ரகீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 17-ஆம் நாள் ஐதராபாத்தில் பிறந்தார். உஸ்மானியா பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்று, அந்நகரப் பள்ளிகள் சிலவற்றில் ஆசிரியராகப் பணியாற்றினார். பின்னர் உடற்கல்வியிலும் பயிற்சி பெற்று, மாணவர்களின் விளையாட்டுப் பொறுப்பை ஏற்றார். 1943-இல் ஐதராபாத் கால்பந்துச் சங்கத்தின் செயலாளரானார்.

பந்தைத் தன் காலிலேயே வைத்துக்கொண்டு, எதிர் அணியினரை ஏய்த்து ஓடுபவனையே சிறந்த ஆட்டக்காரன் என்று அந்நாளில் பலரும் போற்றினர். ரகீம் அதை ஏற்கவில்லை. அவ்வாறு ஓடுவதையே தடைசெய்து இளைஞர்களுக்குப் போட்டிகள் நடத்தினார். பந்து வந்தவுடன் அதனைத் தோழனுக்குக் கடத்தியாக வேண்டும். வலுக்குறைந்த காலால் மட்டுமே உதைக்க வேண்டும் என்ற விதியுடனும் ஆட்டங்கள் நடந்தன. பழகிய கையைக் கட்டிவிட்டு மற்றொரு கையால் எழுதச் சொல்வது போன்ற பாடம் அது! செகந்திராபாத்தை அடுத்த சிற்றூரில், எளிய தமிழ்க் குடும்பத்தில் பிறந்த துளசிதாஸ் பலராமின் திறமையைக் கண்டு வளர்த்தவரும் அவரே.

அவரிடம் பயின்ற ஐதராபாத் நகரக் காவல் அணி, 1950 முதல் 1954 வரை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து ரோவர்ஸ் கோப்பையை வென்றது. 1951-இல் தில்லியில் நடந்த முதல் ஆசிய விளையாட்டில், இந்தியா ஈரானை வென்று தங்கம் பெற்றது. ஆனால் அடுத்த ஆண்டே ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் யுகோசுலாவியா நம் அணியைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் வீழ்த்தியது. நம்மவர் பலர் வெறுங்காலுடன் ஆடினர். அதன்பின் காலணி கட்டாயமாயிற்று. தோல்வியில் துவளாத ரகீமின் அணி, 1956-இல் மெல்போர்னில் ஆஸ்திரேலியாவை வென்று ஒலிம்பிக் அரையிறுதியை எட்டி, நான்காம் இடம் பெற்றது.

1962-ஆம் ஆண்டு ஜகார்த்தா ஆசிய விளையாட்டே அவருக்குக் கடுமையான தேர்வாக அமைந்தது. முதல் ஆட்டத்திலேயே தென்கொரியாவிடம் இந்தியா தோற்றது. தாய்லாந்துடன் மோதியபோது, தற்காப்பின் தூணாகிய ஜர்னைல் சிங்கின் தலையில் காயம் ஏற்பட்டுத் தையல் போட நேர்ந்தது. வேறொருவராயின் அவரை ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பர். ரகீமோ அரையிறுதியில் அவரை முன்வரிசையின் நடுவில் நிறுத்தினார். துணிச்சலான முடிவுதான், பொய்த்திருந்தால் பழி முழுவதும் அவர்மீதே விழுந்திருக்கும். ஜர்னைல் அந்த ஆட்டத்தில் கோல் அடித்தார், தென்வியட்நாம் தோற்றது.

செப்டம்பர் 4-ஆம் நாள் இறுதி ஆட்டம். எதிரே மீண்டும் தென்கொரியா. இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதி மறுத்ததை இந்திய விளையாட்டு நிருவாகி ஒருவர் கண்டித்திருந்ததால், அரங்கில் திரண்டிருந்த பெருங்கூட்டம் இந்தியர்களுக்கு எதிராக ஆரவாரித்தது. அந்தக் கூச்சலுக்கிடையே பி.கே. பானர்ஜி முதல் கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். இலக்கைக் காத்து நின்றவர் பீட்டர் தங்கராஜ். ஆட்டம் முடியும் தறுவாயில் கொரியர் ஒரு கோல் போட்டனர். எனினும் இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கம் இந்தியாவுக்கே கிடைத்தது.

அடுத்த ஒன்பது திங்களில், 1963 ஜூன் 11 அன்று, நுரையீரல் புற்றுநோயால் ரகீம் காலமானார். அவருக்கு வயது 53. ஆசிய விளையாட்டுக் கால்பந்தில் இந்தியா அதன்பின் தங்கம் வெல்லவில்லை. 1970-இல் பாங்காக்கில் வெண்கலம் பெற்றது. அந்த அணியின் பயிற்றுநர்களுள் ஒருவர், ஜகார்த்தாவில் முதல் கோல் அடித்த பானர்ஜி.