போர்க்களத்துக்கு எக்ஸ்ரே கொண்டுபோன பெண்

2019 இல் யாழ்ப்பாண நகரில் ஸ்மார்ட் விளக்குக் கம்பங்கள் நாட்டப்பட்டபோது, 5ஜி கதிர்வீச்சு வரும் என்ற அச்சத்தில் மக்கள் வீதியில் இறங்கிப் போராடினார்கள். அந்தப் பயத்தை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் எதற்குப் பயப்பட வேண்டும் என்பதை மேரி கியூரியின் வாழ்க்கையிலிருந்து அறிந்துகொள்ளலாம்.

அவர் 1867 இல் வார்சோவில் பிறந்தார். அப்போது போலந்து என்றொரு நாடு வரைபடத்தில் இல்லை. ரஷ்ய ஆட்சி பாடசாலைகளில் தாய்மொழியை ஒடுக்கியது. பெண்களுக்குப் பல்கலைக்கழகக் கதவும் பூட்டியிருந்தது. இரகசிய வகுப்புகளில் படித்தவர், 1891 இல் பாரிஸ் போனார். 1898 இல் கணவர் பியேருடன் புதிய மூலகம் ஒன்றைக் கண்டுபிடித்து, பறிபோன தாய்நாட்டின் நினைவாகப் பொலோனியம் என்று பெயரிட்டார். அதே ஆண்டில் ரேடியத்தையும் கண்டறிந்தார். 1903 இலும் 1911 இலும் நோபல் பரிசுகள் கிடைத்தன.

1914 இல் போர் மூண்டது. காயப்பட்டவரின் உடலில் குண்டுச்சிதறல் எங்கே இருக்கிறது என்று தெரியாமல் வைத்தியர்கள் திண்டாடினார்கள். மேரி எக்ஸ்ரே கருவிகளை வாகனங்களில் ஏற்றிக்கொண்டு போர்முனைக்குப் போனார். அப்படி 20 வாகனங்களும் 200 அளவிலான நிலையங்களும் இயங்கின. சுமார் 150 பெண்களுக்குப் பயிற்சி கொடுத்தார். 17 வயது மகள் ஐரீனும் அவருடன் நின்றார்.

இடப்பெயர்வின்போது பட்ட ஷெல் துண்டொன்று இன்றும் என் காலில் இருக்கிறது. அதை எனக்குக் காட்டியதும் ஓர் எக்ஸ்ரே படம்தான். எங்களில் எத்தனை பேர் அவருக்குக் கடன்பட்டவர்கள்!

ஆனால் அவர் தன்னைக் காத்துக்கொள்ளவில்லை. ரேடியக் குப்பிகளைச் சட்டைப்பையில் வைத்துத் திரிந்தார். போதிய மறைப்பின்றி எக்ஸ்ரே எடுத்தார். 1934 இல் இரத்தம் ஊறாத நோயால் இறந்தார். பல ஆண்டுக் கதிர்வீச்சே அதற்குக் காரணம் எனக் கருதப்படுகிறது. அவருடைய குறிப்பேடுகள் இன்றும் ஈயப் பெட்டிகளில் இருக்கின்றன. அமெரிக்காவில், இருட்டில் ஒளிரும் மணிக்கூடுகளுக்கு ரேடிய மை பூசிய பெண்கள், தூரிகையை உதட்டில் கூராக்கியதால் மாண்டார்கள்.

எக்ஸ்ரே, சி.ரி. ஸ்கான், ரேடியம் ஆகியவற்றின் கதிர்கள் உயிரணுவின் உள்ளமைப்பைச் சிதைக்க வல்லவை. கைத்தொலைபேசி, வைஃபை, கோபுரம் ஆகியவற்றின் வானொலி அலைகளுக்கு அந்த வலு இல்லை. அளவு கூடினால் சூடாக்கும். அதனால்தான் அவற்றுக்கு உச்ச வரம்பு வைத்திருக்கிறார்கள். நீண்டகாலப் பாவனை பற்றிய ஆய்வுகள் தொடர்கின்றன.

ஆகவே, தேவையான எக்ஸ்ரேக்குத் தயங்காதீர்கள். கர்ப்பமாக இருந்தால் முதலிலேயே சொல்லுங்கள். பழைய படங்களைப் பத்திரப்படுத்துங்கள். ஒரே படத்தை மறுபடி எடுக்க வேண்டி வராது. எம்.ஆர்.ஐ. பரிசோதனைக்கு இந்தக் கதிர்கள் தேவையில்லை. ஆனால் அதன் காந்தம் உடலிலுள்ள இரும்புத் துண்டை அசைக்கக்கூடும். ஷெல் காயம் பட்டவர்கள், எவ்வளவு காலம் கடந்திருந்தாலும், கேட்காவிட்டாலும் அதைச் சொல்லிவிட்டே உள்ளே போங்கள்.