நூட் ராக்னி

தலைமை எய்தியோரின் புகழையே நாம் பேசுகின்றோம். அவர் பிறர்க்குத் துணையாய் நின்ற ஆண்டுகளை எண்ணுவதில்லை. அமெரிக்கக் கால்பந்துப் பயிற்சியிற் பெரும்புகழ் கொண்ட நூட் ராக்னியின் வாழ்வில் அவ்வாண்டுகளையே யாம் ஈண்டுச் சிறப்பாகக் கூறப் புகுந்தோம்.

அவர் 1888-இல் நார்வே நாட்டு வாஸ் என்னும் ஊரிற் பிறந்தவர். ஐந்து வயதிற் குடும்பத்தாருடன் சிக்காகோ நகரை அடைந்தார். அங்கு அஞ்சல் நிலையத்திற் சில ஆண்டுகள் ஊழியம் புரிந்து பொருள் சேர்த்து, 22-ஆம் வயதிலேதான் இண்டியானா மாநிலத்து நோட்டர் டேம் பல்கலைக்கழகத்தில் மாணவரானார்.

அந்நாட்டுக் கால்பந்து, பெயர் அவ்வாறாயினும், கையாற் பந்தை ஏந்தியும் எறிந்தும் ஆடப்பெறுவது. 1913-இல் வெஸ்ட் பாயிண்ட் இராணுவக் கல்லூரி அணியை நோட்டர் டேம் 35-க்கு 13 என வென்றது. தோழர் கஸ் டோரை முன்னோக்கி எறிந்த பந்தை ஓடிப் பற்றி அவ்வெற்றிக்கு உதவியவர் ராக்னி.

1914-இற் பட்டம் பெற்றபின், அங்கேயே இரசாயன ஆய்வுக்கூட உதவியாளராகவும், தலைமைப் பயிற்சியாளர் ஜெசி ஹார்ப்பரின்கீழ் உதவிப் பயிற்சியாளராகவும் அமர்ந்தார். இரண்டும் துணைப் பதவிகளே. 1917 வரை நான்கு ஆண்டுகள் அணி பெற்ற வெற்றிகளெல்லாம் ஹார்ப்பரின் கணக்கிலேயே எழுதப்பெற்றன. ராக்னி அடைந்தது பயிற்றும் திறம் ஒன்றே.

1918-இல் ஹார்ப்பர் விலகவே, தலைமை ராக்னியிடம் வந்தது. அதுமுதல் 1930 வரை 13 பருவங்களில் 105 வெற்றியும், 12 தோல்வியும், 5 சமனும் கண்டார். 1931 மார்ச்சு 31-இல் கான்சாஸ் மாநிலத்தில் விமானம் வீழ்ந்து, 43-ஆம் வயதில் மறைந்தார். அவர் விட்டுச்சென்ற விளையாட்டுத் துறைத் தலைமையை ஏற்க மீண்டு வந்தவர் அம்முன்னைத் தலைவராகிய ஹார்ப்பரே.

வயது கடந்ததென்று கல்வியையும், சிறிதென்று துணைப் பதவியையும் நம் குடும்பத்து இளைஞர் தள்ளாதிருப்பாராக.