இரைச்சலை விலக்கியவர்: எட்வின் ஆம்ஸ்ட்ராங்

ஆம்ஸ்ட்ராங் என்றதும் சந்திரனில் கால் வைத்தவரா என்றுதான் எல்லோரும் கேட்பாங்க. இவர் அவர் இல்லை. ஆனால் எலெக்ட்ரானிக்ஸ் லேபில் ரேடியோவின் ஐ.எஃப். டிரான்ஸ்ஃபார்மரைத் திருகித் திருகி அலைன்மென்ட் பார்த்த நாம் எல்லோருமே இவருக்குக் கடன்பட்டவர்கள் என்றால் மிகையாகாது.

எட்வின் ஹோவர்டு ஆம்ஸ்ட்ராங் 1890 டிசம்பர் 18 அன்று நியூயார்க்கில் பிறந்தார். சிறு வயதில் ஒரு நோய் வந்து, தோளும் கழுத்தும் வெட்டி இழுக்கும் பழக்கம் கடைசிவரை நின்றுபோனது. பையனுக்குக் கூச்சம் அதிகம், பிடிவாதமும் அதிகம். யாங்கர்ஸ் நகரில் இருந்த வீட்டுத் தோட்டத்தில், நூறடிக்கு மேல் உயரமான ஏரியல் கம்பத்தைத் தானே நட்டு, தானே ஏறிக் கம்பி கட்டினார்.

கொலம்பியா பல்கலைக்கழகத்தில் படிக்கும்போதே, 1912-ல், வால்விலிருந்து வெளிவரும் சிக்னலில் ஒரு பகுதியைத் திரும்ப உள்ளே விட்டால் ஓசை பல மடங்கு பெருகும் என்று கண்டுபிடித்தார். பேட்டண்ட் எடுக்கப் பணம் கேட்டபோது, முதலில் டிகிரியை முடி என்று அப்பா சொல்லிவிட்டார். எந்த ஊர் அப்பாவாக இருந்தால் என்ன, பதில் ஒன்றுதான்! கையில் காசில்லாத மாணவர், 1913 ஜனவரி 31 அன்று சர்க்யூட் படத்தை நோட்டரியிடம் காட்டி முத்திரை மட்டும் வாங்கி வைத்தார். அந்த வருடமே டிகிரியும் வந்தது, பேட்டண்டுக்கும் விண்ணப்பித்தார்.

முதல் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்தின் சிக்னல் படையில் சேர்ந்து பாரிஸ் போனார். அக்கால வால்வுகளால் உயர் அதிர்வெண்களைச் சரியாகப் பெருக்க முடியாது. பெருக்க முடியாத அலையைப் பெருக்க முடிகிற அலையாக மாற்றிவிட்டால் என்ன? 1918-ல் பிறந்த இந்த யோசனைதான் சூப்பர்ஹெட்ரோடைன்.

அதன் அருமை புரிய ஒரு சின்னக் கணக்குப் போடுவோம். மீடியம் வேவ் சுமார் 540 முதல் 1600 கிலோஹெர்ட்ஸ் வரை. பழைய செட்டுகளில் ஒவ்வொரு ட்யூனிங் சர்க்யூட்டுக்கும் ஒரு குமிழ். மூன்று குமிழையும் தனித்தனியாகத் திருப்பிச் சேர்த்தால்தான் ஒரு ஸ்டேஷன் கிடைக்கும். அப்படியும் பேண்டின் மேல் முனைக்குப் போனால் பிரிக்கும் திறன் குறைந்து, இரண்டு ஸ்டேஷன்கள் கலந்து கேட்கும். ஆம்ஸ்ட்ராங் செய்தது தலைகீழ் வேலை. ஃபில்டரை ஸ்டேஷனிடம் கொண்டுபோகாமல், ஸ்டேஷனை ஃபில்டரிடம் கொண்டுவந்தார். 1000-ல் ஸ்டேஷன் வேண்டுமா? உள்ளே இருக்கும் ஆஸிலேட்டர் 1455-ல் ஓடும். வித்தியாசம் 455. எந்த ஸ்டேஷனுக்குத் திருப்பினாலும் கேங் கண்டென்சர் ஆஸிலேட்டரையும் கூடவே நகர்த்துவதால், வித்தியாசம் எப்போதும் 455-தான். ஆகவே அந்த ஒரே அதிர்வெண்ணுக்கு எத்தனை கூர்மையான ஃபில்டர் வேண்டுமானாலும் போட்டுக்கொள்ளலாம்.

ஆனால் ஓர் அழையா விருந்தாளியும் உண்டு. 1910-ல் ஒரு ஸ்டேஷன் இருந்தால், அதற்கும் 1455-க்கும் வித்தியாசம் அதே 455. இதுதான் இமேஜ். ஐ.எஃப். கட்டத்துக்குள் வந்துவிட்டால் இவனை அடையாளம் காண வழியில்லை, வாசலிலேயே தடுக்க வேண்டும். மீடியம் வேவில் முன்னால் இருக்கும் காயில் அந்த வேலையைச் செய்துவிடும். ஷார்ட் வேவில் 15 மெகாஹெர்ட்ஸ் என்றால் இமேஜ் 15.91-ல், ஆறு சதவீத தூரத்தில் நிற்கும். பழைய செட்டுகளில் ஒரே ஸ்டேஷன் இரண்டு இடத்தில் கேட்டதே, அதற்குக் காரணம் இதுதான். ஐ.எஃப்.-ஐ உயர்த்தினால் இமேஜ் தூரம் போகும், ஆனால் பக்கத்து ஸ்டேஷனைப் பிரிப்பது கஷ்டமாகும். அதனால்தான் பல நல்ல ரிசீவர்கள் முதலில் உயர்ந்த ஐ.எஃப்., பிறகு தாழ்ந்த ஐ.எஃப். என்று இரண்டு முறை மாற்றுகின்றன.

இதே யோசனை பிரான்சில் லூசியன் லெவிக்கும் ஜெர்மனியில் ஷாட்கிக்கும் தோன்றியிருந்தது. பின்னாளில் அமெரிக்க பேட்டண்டின் கோரிக்கைகளில் பல லெவிக்கும் மற்றவர்களுக்கும் போயின. இருந்தாலும் அதை வேலை செய்யும் பெட்டியாக்கிக் காட்டிய பெருமை ஆம்ஸ்ட்ராங்குக்கு உண்டு. பேட்டண்டுகளை விற்றுப் பெரும் பணக்காரரானார். 1923-ல் ஆர்.சி.ஏ. கம்பெனியின் டேவிட் சார்னாஃபிடம் செக்ரட்டரியாக இருந்த மேரியனை மணந்தார். மனைவிக்குக் கல்யாணப் பரிசு, தானே செய்த, தூக்கிச் செல்லக்கூடிய ஒரு சூப்பர்ஹெட் ரேடியோ!

மாணவப் பருவக் கண்டுபிடிப்புக்கு லீ டி ஃபாரஸ்ட் உரிமை கொண்டாட, அந்த வழக்கு பல வருடம் இழுத்தது. 1934-ல் உச்ச நீதிமன்றம் டி ஃபாரஸ்ட் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மனம் நொந்த ஆம்ஸ்ட்ராங், ரேடியோ எஞ்சினியர்கள் சங்கம் முன்பு தந்த பதக்கத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனார். சங்கம் வாங்க மறுத்துவிட்டது. கோர்ட் எதைச் சொன்னாலும், எஞ்சினியர்களுக்கு உண்மை தெரிந்திருந்தது.

அதற்குள் அவர் அடுத்த எதிரியான இரைச்சலைப் பிடித்திருந்தார். இடி மின்னல் இரைச்சல் அலையின் உயரத்தையே பெரிதும் கெடுக்கிறது. செய்தியை உயரத்தில் ஏற்றாமல் அதிர்வெண்ணில் ஏற்றினால்? அகன்ற பேண்டில் எஃப்.எம். அனுப்பினார். 1935-ல் நியூயார்க் சபையில் ஒலிபெருக்கி வழியாகத் தண்ணீர் ஊற்றும் சத்தம் அப்படியே கேட்டது. ஆனால் 1945-ல் அமெரிக்க அரசு எஃப்.எம்.-ஐ 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸுக்கு மாற்றியதும், மக்கள் வாங்கியிருந்த பெட்டிகளெல்லாம் வீணாயின. ராயல்டி தராத ஆர்.சி.ஏ. மீது 1948-ல் வழக்குப் போட்டார். வருடங்கள் ஓடின, பணம் கரைந்தது, வீட்டில் சண்டை, மனைவியும் சகோதரி வீட்டுக்குப் போய்விட்டார். 1954 ஜனவரி 31 இரவு, 63 வயதில், அந்த மேதை தன் உயிரைத் தானே போக்கிக்கொண்டார். நோட்டரி முத்திரை வாங்கிய அதே தேதி.

மேரியன் வழக்குகளைத் தொடர்ந்தார். ஆர்.சி.ஏ. அந்த வருடமே சமரசத்துக்கு வந்தது. கடைசி வழக்கில், மோட்டோரோலாவுக்கு எதிராக, 1967-ல் வெற்றி கிடைத்தது. நியாயம் ஜெயித்தது, பார்க்க அவர்தான் இல்லை. வழக்குப் போட்டது தவறென்று சொல்ல மனம் வரவில்லை. ஆனால் கோர்ட் வாசலில் கழிந்த அந்த வருடங்கள் லேபில் கழிந்திருந்தால் என்ற ஏக்கம் போகவில்லை.

நம் சென்னையில் 1977-ல் ஆல் இந்தியா ரேடியோ எஃப்.எம். ஒலிபரப்பைத் தொடங்கியது. அந்த ரிசீவருக்குள்ளும் சூப்பர்ஹெட்தான். ஐ.எஃப். 10.7, ஆகவே இமேஜ் 21.4 மெகாஹெர்ட்ஸ் தள்ளி, அதாவது 20 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள அந்த பேண்டுக்கே வெளியே! இன்று பல செல்போன்களில் ஐ.எஃப். இல்லாத நேரடி முறை வந்துவிட்டது. ஆனாலும் ரேடாரிலும் செயற்கைக்கோள் ரிசீவர்களிலும் இவர் வழி மறையவில்லை.

இப்போது படிக்கும் தம்பி தங்கைகளுக்கு இரண்டு வார்த்தை. ரெக்கார்டு நோட்டில் தேதி போட்டுக் கையெழுத்து வாங்கத் தவறாதீங்க. அடுத்த முறை ரேடியோவை 1000-ல் வைத்திருக்கும்போது, சிக்னல் ஜெனரேட்டரை 1910-க்குத் திருப்பிப் பாருங்க. அந்த அழையா விருந்தாளியை நேரில் சந்தித்தால்தான், வாசலில் நிற்கும் அந்தச் சின்னக் காயிலின் அருமை தெரியும்.